புரதம் கூடியதா, பயிர் குறைந்ததா?

தீவன ஆய்வகத்தில் ஒரு பை குதிரை மசாலைக் கொடுத்தால், சில நாளில் எண்கள் நிறைந்த ஒரு சீட்டு வரும். அதில் எல்லோரும் முதலில் தேடுவது ‘கச்சாப் புரதம்’ என்ற வரியைத்தான். ஆனால் ஆய்வகம் புரதத்தை நேராக அளப்பதில்லை. மாதிரியில் இருக்கும் நைட்ரஜனை அளக்கிறது. புரதத்தில் ஏறக்குறைய 16 விழுக்காடு நைட்ரஜன் என்பதால், அளந்த எண்ணை 6.25ஆல் பெருக்கிப் புரதம் என்று எழுதிவிடுகிறது. அந்த நைட்ரஜன் இலையில் இருந்ததா, தண்டில் இருந்ததா? மசாலுடையதா, அதோடு சேர்ந்து அறுபட்ட களையுடையதா? சீட்டு சொல்லாது. ஓர் ஏக்கரில் மொத்தம் எத்தனை கிலோ தீவனம் கிடைத்தது என்பதையும் சொல்லாது.

களைக்கொல்லி அடித்தால் தீவனப் பயறுகளின் சத்து கூடுமா, குறையுமா என்ற கேள்வியில் குழப்பம் தொடங்கும் இடம் இதுதான். புரதம் கூடியதாகக் காட்டும் சோதனைகள் உண்டு. மாற்றமே இல்லை என்று காட்டுபவையும் உண்டு. மொத்தத் தீவனம் குறைந்தது என்று காட்டுபவையும் உண்டு. மூன்றுமே உண்மையாக இருக்க முடியும். ஏனென்றால் களைக்கொல்லி செடிக்குள் புகுந்து அதன் புரதத்தை மாற்றுவது சிறு பங்குதான். மாட்டின் வாய்க்குப் போகும் கவளத்தில் எந்தச் செடி எவ்வளவு, அது எந்த வயதில் அறுக்கப்பட்டது என்பதை மாற்றுவதே பெரும் பங்கு.

கவளத்தின் கணக்கு

பயறுவகைத் தீவனங்களில் அதிகம் ஆராயப்பட்டது குதிரை மசால். அமெரிக்காவில் அல்ஃபால்ஃபா என்றும், பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் லூசர்ன் என்றும் அழைக்கப்படுவது இதுவே. வேர் ஊன்றிவிட்டால் சில ஆண்டுகள் தொடர்ந்து அறுக்கலாம். ஆனால் விதைத்த புதிதில் மிக மெதுவாக வளரும். அந்த இடைவெளியில் களை முந்திக்கொள்ளும். அதனால் முதல் அறுப்பில் கிடைப்பது பெரும்பாலும் மசாலும் களையும் கலந்த தீவனம்தான்.

கணக்குக்காக ஒரு வயலை எடுத்துக்கொள்வோம். களைக்கொல்லி அடிக்காத ஏக்கரில் உலர் எடையில் 600 கிலோ மசால், 400 கிலோ புல்வகைக் களை. மசாலில் 20 விழுக்காடு புரதம், முற்றிய புல்லில் 9 விழுக்காடு என்று வைத்தால், மொத்தப் புரதம் 156 கிலோ. ஆய்வகச் சீட்டில் 15.6 என்று வரும். பக்கத்து ஏக்கரில் மருந்து அடித்துப் புல்லை ஒழித்தாயிற்று. காலியான இடத்தில் மசால் கொஞ்சம் கூடுதலாக வளர்ந்து 780 கிலோ ஆனது. புரதம் 20 விழுக்காடு. மொத்தம்? அதே 156 கிலோ.

சீட்டைப் பார்த்தவர் புரதம் கூடிவிட்டது என்பார். எடைமேடையைப் பார்த்தவர் 220 கிலோ தீவனம் போய்விட்டது என்பார். நிலத்தைப் பொறுத்தவரை இரண்டு ஏக்கரும் ஒரே அளவு புரதத்தைத்தான் கொடுத்திருக்கின்றன. மசாலில் களைக்கொல்லிச் சோதனை நடத்திய பலரும் முதல் அறுப்பில் கண்டது இந்தப் போக்கைத்தான். தரத்தின் விழுக்காடு ஏறுகிறது, மொத்த எடை இறங்குகிறது.

அப்படியானால் மருந்துச் செலவு வீணா? அதற்கு மாட்டின் வயிற்றைக் கேட்க வேண்டும். 1960களில் அமெரிக்க வேளாண் துறையின் பெல்ட்ஸ்வில் ஆய்வு நிலையத்தில் பீட்டர் வான் சோஸ்ட் என்ற விஞ்ஞானி, தீவனத்தைச் சோப்புத்தன்மையுள்ள கரைசலில் கொதிக்கவைத்து, கரையாமல் மிஞ்சும் செல்சுவர் நாரை மட்டும் பிரித்து அளக்கும் முறையை வகுத்தார். இன்று தீவனச் சீட்டுகளில் என்.டி.எஃப். என்று குறிக்கப்படுவது அந்த நார். அது வயிற்றில் இடத்தை அடைத்துக்கொள்ளும். ஒரு மாடு நாளொன்றுக்குத் தன் உடல் எடையில் சுமார் 1.2 விழுக்காடு அளவுக்கே இந்த நாரை உண்ண முடியும் என்பது தீவனக் கணக்கில் நெடுநாளாகப் புழங்கும் விதி.

400 கிலோ எடையுள்ள பசுவுக்கு அது 4.8 கிலோ. மசாலில் இந்த நார் 40 விழுக்காடு, முற்றிய புல்லில் 65 என்று கொள்வோம். தனி மசாலைப் போட்டால் 12 கிலோ வரை உண்ணும், 2.4 கிலோ புரதம் உள்ளே போகும். மேலே சொன்ன கலவையில் நார் 50 விழுக்காடு ஆகிவிடுவதால் 9.6 கிலோவோடு வயிறு நிறைந்துவிடும், புரதம் 1.5 கிலோதான். ஏக்கரில் சமமாக இருந்த புரதம், பசுவின் வயிற்றில் சமமாக இல்லை. நன்றாகக் கறக்கும் மாட்டுக்கு இந்த வேறுபாடு பெரிது. வற்றிய மாட்டுக்கோ, உழவு மாட்டுக்கோ அவ்வளவு பெரிதல்ல. அவற்றுக்கு வயிறு நிறைய 1,000 கிலோ கலவை கிடைப்பதே மேலாக இருக்கலாம்.

அமெரிக்கச் சந்தை இந்தக் கணக்கை விலையாகவே மாற்றிவிட்டது. நன்கு பூத்து முற்றிய மசாலின் மதிப்பை 100 என்று வைத்து, மற்றவற்றை அதோடு ஒப்பிடும் அளவுகோல் ஒன்று அங்கே உண்டு. 185க்கு மேல் போனால் முதல் தரம். 130க்குக் கீழே இறங்கினால் கடைசித் தரம். களை கலந்த உலர் தீவனம் தரத்தில் ஒரு படி இறங்கினாலே விலையும் இறங்கும். அங்குள்ள விவசாயி களைக்கொல்லிக்குக் கொடுக்கும் பணத்தை இந்த விலை வேறுபாட்டில்தான் திரும்ப எடுக்கிறார்.

எல்லாக் களையும் ஒன்றல்ல

மேலே போட்ட கணக்கு முழுவதும் ஓர் அனுமானத்தின் மேல் நிற்கிறது: களை என்பது சத்துக் குறைந்த புல். அதை மாற்றினால் கணக்கே மாறிவிடும். மின்னசோட்டாவில் மார்ட்டன், ஆண்டர்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 12 வகை ஓராண்டுக் களைகளை எடுத்துத் தீவனமாகச் சோதித்து 1975ல் முடிவுகளை வெளியிட்டார்கள். முளைக்கீரை இனத்தைச் சேர்ந்த களையும், நாம் சக்கரவர்த்திக் கீரை என்று சமைத்துண்ணும் செடியும் இளசாக இருக்கையில் செரிமானத்திலும் புரதத்திலும் மசாலுக்குப் பக்கத்தில் வந்தன. அவற்றைக் கொன்றால் சீட்டில் உள்ள எண் அதிகம் அசையாது. எடை மட்டும் குறையும். இன்னொரு பக்கம், சத்து இருந்தும் ஆடுகள் தொட மறுத்த களைகளும் அந்தப் பட்டியலில் இருந்தன. ஆய்வகம் கொடுக்கும் மதிப்பெண்ணும் நாக்கு கொடுக்கும் மதிப்பெண்ணும் எப்போதும் ஒத்துப்போவதில்லை.

சில களைகளை விழுக்காட்டால் எடைபோடவே கூடாது. கலிஃபோர்னியாவின் குளிர்கால மசாலில் முளைக்கும் செனீசியோ இனக் களையில் ஈரலைச் சிதைக்கும் ஆல்கலாய்டுகள் உள்ளன. பசுமையாக நின்றால் மாடும் குதிரையும் ஒதுக்கிவிடும். உலர்த்திக் கட்டாகக் கட்டிவிட்டால் ஒதுக்கத் தெரியாது. சில புற்களின் கூரிய கதிர்முட்கள் குதிரையின் வாயைப் புண்ணாக்கும். நம் ஊரில் பார்த்தீனியம் தின்ற மாட்டின் பால் கசக்கும். புரதம் எவ்வளவு இருந்தாலும் இத்தகைய களைகளுக்குத் தீவனத்தில் இடமில்லை. களைக்கொல்லியோ கைக்களையோ, எதன் செலவும் இங்கே நியாயமானதே.

செடிக்குள் நடப்பது

மசாலும் க்ளோவர் என்ற தீவனப் பயறும் அகன்ற இலைப் பயிர்கள். அவற்றோடு வளரும் அகன்ற இலைக் களையை மட்டும் கொல்வது எப்படி? 2,4-டி என்ற களைக்கொல்லியை அடித்தால் பயிரும் சேர்ந்து சாகும். 1950களில் இங்கிலாந்தின் வை கல்லூரியில் ரால்ஃப் வெயின் குழுவினர் அழகான வழி ஒன்றைக் கண்டார்கள். 2,4-டி மூலக்கூறின் பக்கச் சங்கிலியில் இரண்டு கார்பன் அணுக்களைக் கூட்டினால் கிடைப்பது 2,4-டிபி. அது தன்னளவில் பெரிதாகக் கொல்லாது. பல களைகள், கொழுப்பு அமிலத்தை வெட்டுவது போலவே, அந்த இரண்டு கார்பன்களையும் வெட்டி எறிந்து, தமக்கான நஞ்சைத் தாமே தயாரித்துக்கொள்கின்றன. மசாலும் க்ளோவரும் இந்த வெட்டு வேலையில் மந்தம். அதனால் தப்பிக்கின்றன.

தப்பிக்கின்றன என்றால் ஒன்றும் ஆகவில்லை என்று பொருளல்ல. தெளித்த சில நாளில் இலைக்காம்பு முறுக்கும், வளர்ச்சி கொஞ்சம் நிற்கும். இந்தியாவில் சோயா, நிலக்கடலை வயல்களில் பரவலாகப் பயன்படும் இமாசெதாபைர் என்ற களைக்கொல்லியும் இப்படித்தான். அது வாலின், லியூசின், ஐசோலியூசின் என்ற மூன்று அமினோ அமிலங்களை உண்டாக்கும் நொதியைத் தடுக்கிறது. பயறு இனங்கள் மருந்தை விரைவில் சிதைத்துவிடுவதால் பிழைக்கின்றன. ஆனாலும் சில காலம் இலை வெளுத்து, கணுவிடை குறுகி, குட்டையாக நிற்கும்.

இந்தக் குட்டைச் செடியை அறுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால் என்ன வரும்? மசால் இலையில் உள்ள புரதம் தண்டில் உள்ளதைப் போல இரண்டு மூன்று மடங்கு. தண்டு நீளாமல் நின்றுவிட்டால் இலையின் பங்கு கூடும். பூப்பது தள்ளிப்போனால், லிக்னின் என்ற செரிக்காத பொருள் தண்டில் ஏறுவதும் தள்ளிப்போகும். ஆகவே புரத விழுக்காடு உயரக்கூடும், நார் குறையக்கூடும். களை ஒழிந்ததால் எண் ஏறுவதும், பயிர் அடிபட்டதால் எண் ஏறுவதும் சீட்டில் ஒன்று போலவே தெரியும். முன்னது லாபம், பின்னது நட்டம். எது என்று சொல்ல எடையும் வேண்டும்.

களைக்கொல்லியே புரதத்தைக் கூட்டும் மருந்தாக முடியுமா என்ற ஆசையும் ஒரு காலத்தில் இருந்தது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி ரீஸ் குழுவினர் சிமசின் என்ற களைக்கொல்லியைச் செடியைக் கொல்லாத மிகச் சிறிய அளவில் கொடுத்துப் பார்த்தார்கள். செடி நைட்ரேட்டைப் புரதமாக்கும் பாதையின் முதல் நொதி சுறுசுறுப்படைந்தது, புரதமும் கூடியது. 1967ல் வெளியான இந்த முடிவு பெரும் எதிர்பார்ப்பைக் கிளப்பியது. ஆனால் அது விவசாயிகளின் வழக்கமாக வேரூன்றவில்லை. தவிர, தன் நைட்ரஜனில் பெரும்பகுதியை வேர் முடிச்சு வழியாகக் காற்றிலிருந்து பெறும் பயறுக்கு, மண்ணின் நைட்ரேட்டை வேகமாக உறிஞ்சும் இந்த வழியால் கிடைக்கும் ஆதாயம் குறைவு.

அமினோ அமிலப் பாதைகளைத் தடுக்கும் மருந்துகள் புரதத்தின் தரத்தைக் கெடுக்காதா என்று கேட்கலாம். அசைபோடும் விலங்குகளில் அந்தக் கவலை குறைவு. தீவனப் புரதத்தின் பெரும்பகுதியை முதல் இரைப்பையின் நுண்ணுயிர்கள் உடைத்துத் தங்கள் புரதமாக மறுபடி கட்டிக்கொள்கின்றன. மாடு உண்மையில் செரிப்பது அந்த நுண்ணுயிர்களைத்தான். மசால் தூளைத் தின்னும் கோழிக்கும் பன்றிக்கும் அப்படி ஓர் இடைத்தரகர் இல்லை.

கிளைபோசேட் என்ற களைக்கொல்லியின் கதை வேறு. அது ஃபீனைல் அலனின் முதலிய அமினோ அமிலங்களின் பாதையை அடைப்பதால் சாதாரண மசால் பிழைக்காது. பாக்டீரியாவின் மரபணுவைச் சேர்த்து அதைத் தாங்கும்படி உருவாக்கிய மசாலுக்கு அமெரிக்கா 2005ல் அனுமதி கொடுத்தது. 2007ல் நீதிமன்றம் தடுத்தது. உச்ச நீதிமன்றம் வரை போன வழக்குக்குப் பின் 2011ல் மீண்டும் அனுமதி கிடைத்தது. மருந்தைத் தாங்கவே பிறந்த இந்தப் பயிரும் எப்போதும் தாங்குவதில்லை. வடக்குக் கலிஃபோர்னியாவின் சிஸ்கியூ பகுதியில், வசந்த காலத்தில் ஓரளவு வளர்ந்துவிட்ட மசாலுக்குக் கிளைபோசேட் அடித்த பின் உறைபனி விழுந்த வயல்களில் தண்டுகள் வளைந்து வாடின. முதல் அறுப்பின் விளைச்சல் குறைந்தது. தளிர் இரண்டு அங்குலம் உயர்வதற்குள் தெளித்து முடித்துவிட வேண்டும் என்பது அதற்குப் பின் வந்த அறிவுரை.

முடிச்சுக்குள் ஓர் உரையாடல்

பயறு வகைத் தீவனம் புல்லைவிடப் புரதம் மிகுந்திருப்பதற்குக் காரணம் வேர் முடிச்சு. அதற்குள் வாழும் ரைசோபியம் பாக்டீரியா காற்றின் நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கிறது. இந்தக் கூட்டு தானாக அமைவதில்லை. மசால் விதையும் வேரும் கசியவிடும் லூட்டியோலின் என்ற ஃபிளேவோன்தான் பாக்டீரியாவின் முடிச்சு மரபணுக்களை எழுப்புகிறது என்று 1986ல் ஸ்டான்ஃபோர்டில் ஷாரன் லாங் குழுவினர் காட்டினார்கள். லூட்டியோலின் உருவாவது ஃபீனைல் அலனினிலிருந்து. கிளைபோசேட் அடைப்பது ஃபீனைல் அலனின் உருவாகும் பாதையையே.

மண்ணில் கிடக்கும் செயற்கை வேதிப்பொருள்கள் இந்தச் சமிக்ஞையைக் குலைக்க முடியும் என்பதற்கு மசாலிலேயே சோதனை உண்டு. 2007ல் வெளியான ஜெனிஃபர் ஃபாக்ஸ் குழுவின் ஆய்வில் டி.டி.டி., மீத்தைல் பாரத்தியான், பென்டாகுளோரோஃபீனால் ஆகியவை முடிச்சு உருவாவதைக் குறைத்தன, தாமதப்படுத்தின; செடியின் எடையும் குறைந்தது. இவற்றுள் முதல் இரண்டும் பூச்சிக்கொல்லிகள். மூன்றாவது மரக்காப்பு மருந்தாகவும் களைக்கொல்லியாகவும் பயன்பட்டது.

இன்றைய களைக்கொல்லிகளைப் பொறுத்தவரை, ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. கிளைபோசேட் தடுக்கும் நொதியும் இமாசெதாபைர் தடுக்கும் நொதியும் செடியில் மட்டுமல்ல, ரைசோபியத்திலும் உண்டு. செடிக்கு மட்டும் எதிர்ப்பு மரபணு கொடுத்தால் முடிச்சுக்குள் இருக்கும் கூட்டாளிக்கு அது போய்ச் சேராது. கிளைபோசேட்டைத் தாங்கும் சோயாவில் அமெரிக்காவின் ஆர்கன்சாவில் நடந்த சோதனைகளில், இளம் பருவத்தில் தெளித்தபோது நைட்ரஜன் பிடிப்பு தாமதமானது. தண்ணீர் போதாத செடியில் பாதிப்பு அதிகமாக இருந்தது. நல்ல ஈரத்தில் பயிர் பெரும்பாலும் மீண்டுவிடுகிறது. ஆகவே முடிச்சு பாதிப்பைப் பேரழிவாகப் பேசவும் வேண்டாம், இல்லையென்று ஒதுக்கவும் வேண்டாம். வறட்சியோடு சேர்ந்தால்தான் அது கணக்கில் ஏறும்.

நேற்று அடித்தது, இன்று முளைத்தது

சத்துக்குறைவு சில நேரம் தீவனப் பயிருக்கு அடித்த மருந்தால் வருவதில்லை. அதற்கு முந்தைய பயிருக்கு அடித்ததால் வருகிறது. தெற்கு ஆஸ்திரேலியாவின் கோதுமை நிலங்களில் ஒரு பருவம் கோதுமை, அடுத்த பருவம் ஆடுகள் மேயும் மெடிக் என்ற ஓராண்டு மசால் இனம் என்று மாற்றிப் பயிரிடுவது பழைய வழக்கம். 1982ல் குளோர்சல்ஃபுரான் என்ற களைக்கொல்லி சந்தைக்கு வந்தது. எக்டருக்குக் கிராம் கணக்கில் அடித்தாலே போதும் என்பது அதன் பெருமை. அமிலத்தன்மையுள்ள மண்ணில் அது நீரால் சிதைந்துவிடும். தெற்கு ஆஸ்திரேலியாவின் மண்ணோ பெரும்பாலும் சுண்ணாம்பு மிகுந்த காரமண். அங்கே சிதைவு மிக மெதுவாக நடக்கும். மழை குறைந்த ஆண்டில் இன்னும் மெதுவாக. கோதுமை அறுத்த பின் முளைத்த மெடிக், மண்ணில் மிஞ்சிய நுண்ணளவு மருந்தில் வேர் குட்டையாகி, முடிச்சு குறைந்து நின்றது. இதற்காகவே அங்குள்ள ஆய்வு நிறுவனம் இந்த எச்சத்தைத் தாங்கும் ‘ஏஞ்சல்’ என்ற மெடிக் ரகத்தை உருவாக்கியது.

மேய்ச்சல் நிலங்களில் இழப்பு இன்னும் நேரடியானது. நியூசிலாந்திலும் பிரிட்டனிலும் நல்ல மேய்ச்சல் நிலம் என்பது புல்லும் வெள்ளை க்ளோவரும் கலந்தது. முட்செடிகளை ஒழிக்க வலுவான அகன்ற இலைக் களைக்கொல்லியை அடித்தால் க்ளோவரும் போய்விடும். பிறகு பார்த்தால் வயல் பச்சையாகவே இருக்கும்; ஆனால் புரதத்தைத் தாங்கிய பங்கும், புல்லுக்கு நைட்ரஜன் ஊட்டிய வேரும் மறைந்திருக்கும். அதை ஈடுகட்ட யூரியா மூட்டை வாங்க வேண்டியிருக்கும். களை இல்லாத நிலம் சத்துள்ள நிலமாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை பொய்க்கும் இடம் இது.

சாகும் களையின் ருசி

மருந்து பட்ட களை சாவதற்குச் சில நாள் ஆகும். அந்தச் சில நாள்தான் ஆபத்தானது. 2,4-டி போன்ற மருந்துகள் கொல்லாத அளவில் பட்டால், சில செடிகளின் இலையில் நைட்ரேட் தேங்கிவிடும். முளைக்கீரை இனக் களைகள் இயல்பிலேயே நைட்ரேட்டைச் சேர்ப்பவை. மாட்டின் முதல் இரைப்பையில் அது நைட்ரைட்டாக மாறி, இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனைக் கெடுக்கும். அளவு மீறினால் இரத்தம் பழுப்பேறி மாடு மூச்சுத் திணறிச் சாகும். நைட்ரஜன் முழுவதையும் எரித்து அளக்கும் புதிய ஆய்வக முறையில் இந்த நைட்ரேட்டும் 6.25ஆல் பெருக்கப்பட்டுப் புரதக் கணக்கிலேயே சேரும் என்பது இன்னொரு சங்கடம்.

மேலும், மருந்து பட்டு வாடும் நச்சுச்செடிகளில் சில, சர்க்கரை கூடி மாட்டுக்கு ருசியாகிவிடுகின்றன. பசுமையில் மோந்து பார்த்து விலகிய மாடு, வாடியதும் தின்னத் தொடங்கும். தெளித்த பிறகு எத்தனை நாள் அறுக்கக் கூடாது, மேய்க்கக் கூடாது என்று மருந்து உறையில் அச்சிட்டிருப்பது எச்சத்துக்காக மட்டும் அல்ல என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

நம் வயலுக்கு இது எப்படிப் பொருந்தும்?

தமிழகத்தில் குதிரை மசாலை உலர்த்திக் கட்டாக விற்பவர் குறைவு. தினம் ஒரு பாத்தியைப் பசுமையாக அறுத்துக் கொட்டிலில் போடுவதே வழக்கம். இதனால் மூன்று விஷயங்கள் மாறுகின்றன. முதலாவது, கைக்களை எடுக்கும்போது வரும் அறுகும் குப்பைக்கீரையும் வீணாவதில்லை. அவையும் தீவனத்தொட்டிக்கே போகின்றன. களைக்கொல்லி அடித்தால் கூலி மிச்சம், ஆனால் அந்தத் தீவனம் போச்சு. இரண்டாவது, காத்திருக்கும் காலம். பல ஏக்கர் வைத்திருப்பவர் ஒரு வயலை ஒரு மாதம் அறுக்காமல் விடலாம். கால் ஏக்கர் மசாலை நம்பி இரண்டு மாடு வைத்திருப்பவரால் முடியாது. மூன்றாவது, நம் வெயிலில் முதல் அறுப்பு விதைத்த 75 முதல் 90 நாளில். பிறகு 25–30 நாளுக்கு ஒரு முறை. இந்த வேகத்தில் அரிவாளே களைக்கொல்லியாக வேலை செய்கிறது. ஓராண்டுக் களைகளில் பல, விதை கட்டுவதற்குள் அறுபட்டு ஒழிகின்றன; மசாலோ அடிக்கட்டையிலிருந்து துளிர்த்துவிடுகிறது. அரிவாளுக்கு அடங்காதவை கோரையும், மசாலைச் சுற்றிப் பின்னி உறிஞ்சும் கஸ்குட்டா என்ற ஒட்டுண்ணிக் கொடியும். கொடியை ஒழிப்பதில் மருந்தைவிட, அதன் விதை கலக்காத மசால் விதையை வாங்குவதே முதல் வேலை.

ஆகவே, களைக்கொல்லிக்கு ஒரு பருவம் உண்டென்றால் அது முதல் அறுப்புக்கு முந்தைய இரண்டரை மாதம்தான். அதுவும் வயலை மூடியிருப்பது முற்றும் புல்லாகவோ நச்சுக்களையாகவோ இருந்தால், வீட்டில் இருப்பது நன்றாகக் கறக்கும் மாடாக இருந்தால், உறையில் சொன்ன நாள் வரை வேறு தீவனம் கையில் இருந்தால். அதன் பிறகு தெளிப்பதில் பெரும்பாலும் சீட்டில் உள்ள எண்ணே உயரும். அந்த எண்ணை நம்புவதற்கு முன் அறுத்த தீவனத்தை எடைபோட்டு இரண்டையும் பெருக்கிப் பார்க்க வேண்டும்.